வளையத்தில் நிற்காத தட்டு

தட்டுகளை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பார்சல்காரர்களிடம் கொடுத்தால் வெயிலில் போட்டு வைப்பார்கள். மேலே இன்னொரு மூட்டையைத் தூக்கி எறிவார்கள். கேட்டால், "நாங்க வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு" என்பார்கள். வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவன் நான். சரக்கு என்ன பாடு படும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"மாமா, அது பிளாஸ்டிக் தட்டு. முட்டை இல்ல," என்றார் மாப்பிள்ளை.

"முட்டைன்னா உடைஞ்சது கண்ணுக்குத் தெரியும் மாப்ள. இது தெரியாது," என்றேன்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மரங்களுக்கு நடுவே ஒரு கம்பம் நட்டு, அதில் சங்கிலிகளைத் தொங்கவிட்டு, கீழே ஒரு கூடை வைத்திருப்பார்கள். தூரத்தில் நின்று தட்டை எறிய வேண்டும். விழுந்த இடத்துக்கு நடந்துபோய் அங்கிருந்து மறுபடி எறிய வேண்டும். கடைசியில் சங்கிலியில் பட்டுக் கூடையில் விழ வேண்டும். இப்படித் திடல் முழுக்க ஒன்றன்பின் ஒன்றாகக் கூடைகள் இருக்கும். யார் குறைந்த எறிதலில் முடித்தாரோ அவர் கெட்டிக்காரர். பார்த்தால் சின்னப் பிள்ளை விளையாட்டு. ஆனால் அதற்கு ஒரு சங்கம் இருக்கிறது, சங்கத்துக்கு ஒரு சட்டம் இருக்கிறது. தட்டின் அகலம் இருபத்தொரு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அகலத்துக்குத் தகுந்த எடையைத் தாண்டக் கூடாது. ஓரம் கத்தி மாதிரி இருக்கக் கூடாது. வளைத்தால் வளைய வேண்டும். எந்தக் கம்பெனி புதுத் தட்டு விட்டாலும் சங்கம் அதை அளந்து பார்த்து 'சரி' என்று சொல்லிப் பட்டியலில் ஏற்றிய பிறகுதான் போட்டியில் எறியலாம். அதுவரை அது விளையாட்டுச் சாமான்தான்.

எங்கள் தட்டுக்குச் 'சிட்டு' என்று பெயர் வைத்திருந்தார் மாப்பிள்ளை. என் மகளுக்காகவே செய்தது.

மகள் நன்றாக எறிகிறவள். அப்பன் பெருமை பேசுகிறான் என்று நினைக்காதீர்கள், சங்கத்தின் பெரிய சுற்றுப் போட்டிகளில் அவளுக்கு நிரந்தர இடம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் தோள்பட்டையில் ஏதோ அறுந்துபோயிற்று. கத்தி வைத்துத் தைத்தார்கள். அடிபட்டவர்களுக்குச் சங்கம் இடத்தைக் காலியாக வைத்திருக்கும், ஆனால் ஒரு தடவைதான். திரும்பி வந்து ஆடும் முதல் போட்டியில் முழுதாக ஆடி முடித்தால் இடம் நிற்கும். பாதியில் விட்டாலோ வராமல் போனாலோ, அடியிலிருந்து மறுபடி ஏறி வர வேண்டும். தைத்த தோளை வைத்துக்கொண்டு அடியிலிருந்து ஏறுவது நடக்கிற காரியமில்லை என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அவளுக்குச் சின்னக் கை. பெரிய தட்டை இறுக்கிப் பிடித்தால் இறுக்கம் முழங்கை வழியாக ஏறித் தோளை இழுக்கிறது. கடையில் கிடைக்கிற தட்டையெல்லாம் வாங்கி எறிந்து பார்த்தாள். நாலு எறி எறிந்ததும் முகம் சுண்டிவிடும். அதனால்தான் மாப்பிள்ளை அவள் விரல் பதிந்த மெழுகை வைத்து ஓரத்தை வரைந்தார். கைக்கு ஒட்டுகிற மாதிரி மெத்தென்ற புதுப் பிளாஸ்டிக் வாங்கினார். சட்டம் விடுகிற அளவில் எது மிகச் சின்னதோ அந்த அளவுக்கு அச்சு வெட்டினார். அந்தத் தட்டை அவள் காலையிலிருந்து மதியம் வரை எறிந்துவிட்டு வந்து, அதே கையால் உயரத்தில் இருந்த டப்பாவை எடுத்தாள். அன்றைக்கு மாப்பிள்ளை பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். எதற்குக் கழுவினார் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் பட்டறை வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரே ஒரு மெஷின். அதை ஓட்டுகிறவரை எல்லோரும் மெஷின்காரர் என்போம். உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் தள்ளி, அச்சைத் திறந்து, சுடச்சுடத் தட்டை எடுத்து என் மேசையில் போடுவார். நடுவில் துருத்திக்கொண்டு நிற்கும் முளையை நான் வளைந்த கத்தியால் சீவுவேன். அதுதான் என் வேலை. அளப்பது மாப்பிள்ளை. ஆனால் மெஷின்காரர் ஒரு விதி வைத்திருந்தார். எடுத்த தட்டை உடனே அளக்கக் கூடாது.

"சூட்டுல அளந்தா பொய் சொல்லும். ஒரு டீ குடிங்க. அப்புறம் அளங்க," என்பார்.

அப்படித்தான் வருடக்கணக்காக நடந்தது. முதல் தட்டு வந்ததும் எல்லோரும் டீ குடிப்போம். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகு மாப்பிள்ளை அளவுகோலை எடுப்பார். ஒரு தடவைகூடச் சங்கத்திலிருந்து எங்கள் தட்டு திரும்பி வந்ததில்லை. சிட்டுவையும் டீ குடித்துவிட்டுத்தான் அளந்தோம். இருபத்தொன்றுக்கு ஒரு மயிரிழை கூடவே இருந்தது. மாப்பிள்ளை அன்றைக்கே சுவரொட்டி அடிக்கக் கொடுத்துவிட்டார். மகள் எறிகிற படம், மேலே ஒரு சிட்டுக்குருவி, கீழே வெளியீட்டுத் தேதி. போட்டி நடக்கும் திடலிலேயே வெளியீடு.

"சங்கம் சரின்னு சொல்லட்டுமே, அப்புறம் ஒட்டலாமே," என்றேன்.

"நீங்க கல்யாணத்தன்னிக்கே என்னை நம்பல மாமா. இத மட்டும் நம்பவா போறீங்க?"

மகள் சிரித்தாள். நானும் விட்டுவிட்டேன்.

சங்கத்தின் பரிசோதனைக் கூடம் ஒரு நாள் ஓட்டம். தட்டுகளைத் துணியில் சுற்றி, பக்கத்து இருக்கையில் வைத்து, வெயில் படாமல் கண்ணாடிக்குத் திரை கட்டி ஓட்டிக்கொண்டு போனேன். வாங்கிக்கொண்டவர்கள் ஓர் அறையில் அடுக்கினார்கள். அந்த அறையில் இராப்பகல் ஒரே குளிர்ச்சிதானாம். எல்லாத் தட்டும் அங்கே ஒரு நாள் கிடந்த பிறகுதான் அளப்பார்களாம். முடிவு கைபேசியில் வரும், நீங்கள் போகலாம் என்றார்கள். நான் வாசலிலேயே வண்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ராத்திரியில் யாராவது மாற்றி வைத்துவிட்டால்?

மறுநாள் அளக்கும் அம்மாவே வெளியே வந்தார். நாற்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி விட்டிருந்தார்.

"நேத்துலேருந்து இங்கயே இருக்கீங்களாமே ஐயா. உள்ள வாங்க. நீங்களே பாத்துட்டா நல்லது."

செருப்பைக் கழற்றி விட்டு உள்ளே போனேன்.

மேசையில் மூன்று கால் வைத்த இரும்பு வளையம் ஒன்று இருந்தது. கீழே மடித்த துணி.

"இதுமேல தட்டை வச்சா நிக்கணும். உள்ள விழுந்தா அளவு பத்தலன்னு அர்த்தம்," என்று சொல்லிச் சிட்டுவை எடுத்து வைத்தார்.

டப் என்று துணியில் விழுந்தது.

"நீங்க அழுத்துனீங்க," என்றேன்.

"நீங்களே வைங்க."

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி வைத்தேன். ஒரு பக்கம் தொட்டு நின்றது. மறு பக்கம் சறுக்கியது. டப். இன்னொன்றை வைத்தேன். அதுவும் விழுந்தது. கொண்டுபோன அத்தனையையும் வைத்தேன். அத்தனையும் விழுந்தன.

"வளையம் தேஞ்சிருக்கும்மா. எத்தனை பேர் தட்டு விழுந்து விழுந்து தேஞ்சிச்சோ."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பீரோவைத் திறந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தார். பஞ்சு வைத்த பெட்டிக்குள் இன்னொரு வளையம்.

"இத வெளிய எடுக்கிறதே இல்ல. அத சரிபாக்க மட்டும்தான் இது. வைங்க."

வைத்தேன். விழுந்தது.

"எவ்வளவு கம்மி?"

"ஒரு தாள் கனம் இருக்கும்."

"ஒரு தாளா! ஒரு தாளுக்காம்மா இந்தப் பாடு?"

"தாளோ தகரமோ, விழுது இல்லையா ஐயா?"

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. "உங்க ஏசியில சுருங்கியிருக்கு. என் பொண்ணு ஏசி ரூம்லயா எறியப் போறா? வெயில்ல எறியப் போறா."

அவர் கொஞ்சம் யோசித்தார். "நீங்க சொல்றது ஞாயமாத்தான் இருக்கு. ஆனா வெயில் எடத்துக்கு எடம் மாறும். ரூம் மாறாது. எல்லாரோட தட்டும் இதே குளிர்லதான் கெடந்துச்சு."

நான் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அவர் தடுக்கவில்லை. வண்டியின் முன்மூடி அனலாகக் கொதித்தது. அதன்மேல் தட்டை வைத்து, திருப்பிப் போட்டு, உள்ளங்கை பொறுக்கிற சூடு வந்ததும் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். இந்த வயதில் அப்படி ஓடியிருக்கக் கூடாது.

வளையத்தில் வைத்தேன். நின்றது.

"நிக்குது! பாத்துக்கங்க, நிக்குது!"

பக்கத்து மேசையில் எடை போட்டுக்கொண்டிருந்தவரும் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று பேரும் தட்டையே பார்த்தோம். தட்டில் அச்சடித்த குருவிப் படம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. நான் மேசையைத் தொடாமல், மூச்சுக்கூடப் படாமல் தள்ளி நின்றேன். யாரும் தொடவில்லை. தட்டு தானாகவே ஒரு பக்கம் லேசாக இறங்கியது. அப்படியே கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றது. பிறகு விழுந்தது.

"மன்னிச்சிக்கங்கய்யா," என்றார் அந்த அம்மா.

எனக்கு அதுதான் தாங்கவில்லை. சோதனைச் சாவடிகளில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். கையை நீட்டுகிறவன், கண்ணைக் காட்டுகிறவன், காக்க வைத்தே கறக்கிறவன். இந்த அம்மா கையை நீட்டியிருந்தால் எனக்கு வழி தெரிந்திருக்கும். அதட்டியிருந்தால் நானும் அதட்டியிருப்பேன். தண்ணீர் கொடுத்து, விசிறியை என் பக்கம் திருப்பி வைத்து, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றால் நான் யாரோடு சண்டை போடுவது?

"அடுத்து எப்பம்மா அளப்பீங்க?"

"அடுத்த மாசந்தான். கம்பெனிங்க கொடுத்தது வரிசையா இருக்கு. நடுவுல ஒருத்தருக்கு அளந்தா மத்தவங்க கேப்பாங்கல்ல."

மகள் திரும்பி ஆட வேண்டிய முதல் போட்டி இந்த மாதக் கடைசியில்.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளையும் மெஷின்காரரும் பட்டறை வாசலில் நின்றார்கள். கைபேசியில் செய்தி முன்னாலேயே வந்துவிட்டது. நான் வண்டியிலிருந்து இறங்குவதற்குள் மாப்பிள்ளை உள்ளே போய், முதல் முதலில் எடுத்து அலமாரியில் வைத்திருந்த சிட்டுகளை அளந்தார். பிறகு மெஷினை ஓட்டச் சொன்னார். புதுசாக ஒன்று வந்தது. வழக்கப்படி ஆற வைத்து அளந்தார். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து விளிம்பை விரலால் தடவினார். கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பழைய பிளாஸ்டிக் ஒரு டீ குடிக்கிறதுக்குள்ள சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிரும் மாமா. இது ஆறுன பின்னாடியும் சுருங்கிட்டே இருக்கு. நாள் கணக்கா சுருங்கியிருக்கு. நம்ம பாக்கல."

"அப்ப நாள் கணக்கா டீ குடிச்சிருக்கணும்," என்றார் மெஷின்காரர். கிண்டலாகச் சொல்லவில்லை. யாரிடமும் சொன்ன மாதிரியும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. இத்தனை வருடமும் எங்களைப் பொறுத்திருந்து அளக்க வைத்தவர் அவர்தானே. பொறுத்தது போதவில்லை, அவ்வளவுதான்.

"அச்சைக் கொஞ்சம் சீவிப் பெருசாக்கலாமே," என்றேன்.

"சீவலாம். நாளைக்கே சீவலாம். யார் அளந்து சரின்னு சொல்றது?"

மகள் பின்னால் திடலில் கூடைக்கு எறிந்துகொண்டிருந்தாள். சங்கிலிச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. நான் போய் நின்றேன்.

"நிக்கலையாப்பா?"

"இல்லம்மா."

கூடையிலிருந்து தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து மறுபடி எறிந்தாள். எல்லாம் சிட்டு. ஒன்றுவிடாமல் கூடையில் விழுந்தது.

"இதையே கொண்டு போ," என்றேன். "ஒரு தாள் கனத்தை எவன் கண்டான்? உன் பைக்குள்ள தலைய விட்டா பாக்கப் போறான்?"

"நல்லா இருக்குப்பா நீங்க சொல்றது. ஊரெல்லாம் என் மூஞ்சியப் போட்டு, குருவியப் போட்டு ஒட்டி வச்சிருக்கோம். நான் கையில எடுத்த ஒடனே, 'ஐ, சிட்டு!'ன்னு கத்துவாங்க. பட்டியல்ல இல்லாத தட்டு அதுன்னு அதுக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

"குருவிய அழிச்சிட்டுக் கொண்டு போ."

"அப்பா."

"சரி, சரி. கேட்டேன்."

"நானும் யோசிச்சுப் பாத்துட்டேன்," என்றாள் மெல்ல. "மாட்டுனா அவரோட பட்டறையையே பட்டியல்ல இருந்து தூக்கிருவாங்க."

அடுத்த நாட்களில் கடைக்காரர்கள் கூப்பிட்டபடியே இருந்தார்கள். சிட்டு எப்போது வரும், எங்களுக்கு எத்தனை பெட்டி என்று கேட்டார்கள். சங்கம் இன்னும் சரி சொல்லவில்லை என்று மாப்பிள்ளை ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரி சொன்னார். அச்சடித்த தட்டுகள் அட்டைப் பெட்டிகளில் கூரை வரைக்கும் அடுக்கி இருந்தன. "நாய்க்கு எறிஞ்சு வெளையாட நல்லா இருக்கும்," என்று சொல்லிவிட்டுக் கைபேசியை அணைத்துப் போட்டார்.

போட்டிக்கு நான்தான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். நடைபாதை ஓரமாகக் கம்பெனிகள் மேசை போட்டிருந்தன. வேறு வேறு பெயரில் எல்லாம் புது வெளியீடு. சரி பார்த்தது, பட்டியலில் ஏறியது. ஒரு மேசையில் எங்களுக்கென்று இடம் விட்டிருந்தார்கள். வெறும் துணி விரித்துக் கிடந்தது. வருகிறவர்கள் அங்கே நின்று, சுவரொட்டியைப் பார்த்து, மகளைப் பார்த்து, "எங்கக்கா சிட்டு?" என்றார்கள். "இன்னும் முட்டையில இருக்கு," என்று அவளும் சிரித்தபடி சொன்னாள்.

அவளோடு ஒரே குழுவில் ஆடியவள் நெடுநெடுவென்று வளர்ந்த பெண். எல்லோரும் நெட்டை என்றே கூப்பிட்டார்கள், அவளும் அதற்குத்தான் திரும்பினாள். இவள் இடம் காலியானால் அதற்கு வரப்போகிற ஆள் அவள்தான் என்று முன்பே விசாரித்து வைத்திருந்தேன். அதனால் அவள் எங்கள் பை பக்கம் வந்தபோதெல்லாம் பையை நகர்த்தி வைத்தேன்.

"ஐயா, நான் ஒண்ணும் திருட வரல," என்றாள் நெட்டை. பிறகு மகளிடம், "என் பையில மெத்துன்னு நாலு இருக்குடி. எது வேணுமோ எடுத்து எறி. எரவல் வாங்கலாம், சட்டத்துல எடம் இருக்கு," என்றாள்.

மகள் எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் விரலில் வைத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். "உன் கை தோசைக்கல்லு மாதிரி. எனக்கு எட்டாதுடி."

நான் பையை நகர்த்துவதை நிறுத்தினேன்.

முதல் சில கூடைகள் நன்றாகவே போயின. பட்டியலில் இருந்த தன் பழைய தட்டைத் தளர்த்திப் பிடித்து, தூரம் வராவிட்டாலும் நேராகப் போட்டாள். பிறகு ரொம்பத் தூரத்தில் ஒரு கூடை வந்தது. நடுவில் குட்டை. தாண்டி எறிய வேண்டும், சுற்றிப் போக வழியில்லை. தளர்த்திப் பிடித்து எறிந்தாள். தண்ணீரில் விழுந்தது. மறுபடி எறிந்தாள். அதுவும் தண்ணீர். தட்டை என்னிடமிருந்து வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை இறுக்கிப் பிடித்தாள். விரல் கணு வெளுத்தது எனக்குத் தெரிந்தது. "வேணாம்மா" என்று வாய் வரைக்கும் வந்தது. எறிகிறவர் நிற்கும்போது பேசக் கூடாது என்பது அங்கே சட்டம்.

தட்டு குட்டையைத் தாண்டியது. அழகாகத் தாண்டிப் போய்க் கூடைக்குப் பக்கத்தில் விழுந்தது. நெட்டை கைதட்டினாள். மகள் எறிந்த இடத்திலேயே நின்றாள். வலது கை பக்கத்தில் தொங்கியது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"வா, போலாம்," என்றேன்.

"இருங்கப்பா."

குட்டையைச் சுற்றி நடந்தோம். கூடைக்குப் பக்கத்தில் கிடந்த தட்டை எடுத்தாள். கையை மார்பு உயரத்துக்குத் தூக்கப் பார்த்தாள். வரவில்லை. இடது கையால் போட்டாள். சங்கிலியில் படாமல் கீழே விழுந்தது. மறுபடி போட்டாள், விழுந்தது. நெட்டை தலையைத் திருப்பிக்கொண்டாள். அடுத்ததில் விழுந்துவிட்டது. இனி அதைப் போல எத்தனையோ கூடைகள் இருந்தன.

நடுவர் வந்தார். குரலைத் தாழ்த்தி, "தொடர்றீங்களா, விலகிக்கறேன்னு எழுதிக் கொடுத்துடறீங்களா?" என்றார்.

மகள் அடுத்த கூடை இருக்கிற பக்கம் பார்த்தாள். அது ஒரு மேட்டுக்கு அப்பால், மரத்துக்குப் பின்னால் கண்ணுக்கே தெரியாமல் இருந்தது.

"எழுதிக் கொடுத்துடறேன்," என்றாள்.

நடுவர் தலையாட்டினார். அவர் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட ஓர் ஆள் வேண்டும் என்று அந்தத் திடல் முழுக்கத் தேடினேன்.

வெளியே போகிற வழியில் ஒரு பெண்மணி ஓடி வந்தார். கையில் ஏதோ ஒரு கம்பெனியின் புதுத் தட்டு, இன்னும் விலைச்சீட்டு கிழிக்காதது.

"என் பொண்ணு உங்க ஆட்டம்னா உசுர விடுவா. ஒரு கையெழுத்து போட்டுத் தாங்கம்மா."

அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. மகள் பேனாவை வலது கையில்தான் வாங்கினாள். பழக்கம். கை இடுப்புக்கு மேல் எழும்பவில்லை. இடது கைக்கு மாற்றிப் பார்த்தாள், கோடு கோணலாக ஓடியது, நிறுத்திவிட்டாள்.

நான் பையைக் கீழே வைத்தேன். அந்தத் தட்டை வாங்கி, குனிந்து, அவள் வலது கை தொங்குகிற உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பேனா முனையில் முட்டக் கொடுத்தேன்.

"நீ பேனாவ மட்டும் பிடிச்சுக்க. நான் நகத்துறேன்," என்றேன்.

"எந்தப் பக்கம்னு தெரியுமாப்பா?"

"நீ சொல்லு."

"மேல," என்றாள். தட்டை மேலே நகர்த்தினேன். "இப்ப வளைச்சு, இந்தப் பக்கமா. மெதுவா. மெதுவாப்பா."

அந்தப் பெண்மணி சிரித்த முகத்தோடு காத்துக்கொண்டு நின்றார்.